முடி வீழ்ந்தது, பத்திரம் வீழவில்லை!

தகப்பன் மறைந்தான். பிள்ளைகள் எழுவர். மூத்தவன் தலைமையிலே கூடி வாழ்ந்து பார்த்தனர், ஒத்துவரவில்லை. பாகப்பிரிவினை செய்துகொண்டனர். ஏழு பிள்ளைகள், ஏழு பங்கு.

இதிலே என்ன புதுமை, வீட்டுக்கு வீடு நடப்பதுதானே என்பீர்கள். நடப்பதுதான்! ஆனால், அந்த எழுவரும் பங்கிட்டுக்கொண்டது நன்செய் அல்ல, புன்செய் அல்ல. ஆட்டு மந்தையும் அல்ல, அண்டா குண்டானும் அல்ல. நாட்டை! நாட்டிலே வாழ்ந்த மக்களை! உழுபவனை, நெய்பவனை, உலைக்களத்திலே இரும்படிப்பவனை, அவன் கட்டும் வரியை, அவனுக்கு இனிப் பிறக்கப்போகும் பிள்ளையை!

ஜெர்மன் மண்ணின் நடுப்பகுதியான துரிங்கியாவிலே நடந்தது இது. மறைந்தவர் சாக்ஸ்-கோதா கோமகன் எர்ன்ஸ்ட். பக்திமான் என்று பட்டப்பெயர் பெற்றவர். மாண்ட ஆண்டு 1675. பிரிவினை நடந்த ஆண்டு 1680. கோதா ஒருவனுக்கு, கோபர்க் ஒருவனுக்கு, மைனிங்கன் ஒருவனுக்கு, ரோம்ஹில்ட், ஐசன்பர்க், ஹில்ட்பர்க்ஹவுசன், சால்ஃபெல்ட் என்று ஆளுக்கொன்று. ஏழு அரண்மனை, ஏழு கோமகன், ஏழு பரிவாரம். அத்தனைக்கும் படியளந்தவன் ஒரே உழவன்!

அதோடு முடிந்ததா? கோபர்க்கை ஆண்டவரும், ஐசன்பர்க்கை ஆண்டவரும், ரோம்ஹில்டை ஆண்டவரும் ஆண் வாரிசின்றி ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். அவர்களின் பங்கு எவருக்கு? 1699-இல் கோபர்க்கிலே மூண்ட சச்சரவு 1735 வரை ஓயவில்லை. முப்பத்தாறு ஆண்டு! பிறந்த குழந்தை பேரன் எடுக்கும் வயதுக்கு வரும்வரை, அந்த ஊர் மக்கள் இறுதியில் எந்தக் குடும்பத்தின் உடைமையாவர் என்பது தீராத வழக்காகவே கிடந்தது.

மக்களைக் கேட்டார்களா? கேட்பார்களா! பாகப்பிரிவினையின்போது பசுவை அழைத்து, "எந்த அண்ணன் கொட்டிலுக்குப் போக உனக்கு விருப்பம்?" என்று எவராவது கேட்டதுண்டா?

எங்கோ இருக்கும் ஜெர்மனியின் பழங்கதை நமக்கெதற்கு என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! பழங்கதையல்ல, 2025-ஆம் ஆண்டு வரை நீண்ட கதை. 'பிறந்ததாலேயே எனக்குரியது' என்ற பேச்சு எப்படி வளரும், எப்படி வீழும், வீழ்ந்தபின் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்பதை அந்த மண் காட்டியதுபோல் வேறு மண் காட்டியதில்லை. வீழ்வது வரையிலே பலர் படித்திருக்கிறார்கள். ஒளிந்துகொள்ளும் இடத்தைத்தான் நாம் பார்த்தாக வேண்டும்.

* * *

புனித ரோமப் பேரரசு என்ற பெயரிலே 1806 வரை ஒரு பேரரசு இருந்தது. அதன் குடைக்கீழ் முந்நூறுக்கு மேற்பட்ட ஆட்சிகள். மன்னர், கோமகன், இளவரசர், பிரபு, ஆயர், மடாதிபதி, தனி நகர் என்று பலவகை. பெரும்பாலானவை குடும்பச் சொத்து. சொத்து என்றால் என்னென்ன செய்யலாம்? பங்கிடலாம், விற்கலாம், அடகு வைக்கலாம், பெண்ணுக்குச் சீதனமாக அனுப்பலாம், வாடகைக்கு விடலாம். அத்தனையும் செய்தனர்!

ஹெஸ்ஸே நாட்டை ஆண்ட பிலிப் 1567-இல் மறைந்தார். நான்கு பிள்ளைகளுக்காக நாடு நான்காகப் பிளந்தது. இரண்டு கிளைகள் வாரிசின்றிப் பட்டுப்போக, காசெல், டார்ம்ஸ்டாட் என்ற இரண்டும் நிலைத்தன. இந்த இரண்டு பெயரையும் நினைவிலே வைத்திருங்கள், மீண்டும் வரும்.

அன்ஸ்பாக், பேரூத் என்ற இரு சீமைகளையும் ஆண்டவர் கார்ல் அலெக்சாண்டர். பிள்ளையில்லை. ஆள்வதிலே சலிப்பு. 1791-இல் இரண்டு சீமைகளையும் பிரஷ்ய மன்னரிடம் ஒப்படைத்தார். சும்மாவா? ஆண்டுக்கு 3,00,000 கில்டர் ஓய்வூதியம்! அதைப் பெற்றுக்கொண்டு, காதலித்த சீமாட்டியுடன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். வீட்டை விற்றுவிட்டு வெளியூர் போகிறவன்கூடக் குடியிருப்பவனிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவான்!

அடுத்து, வாடகை. அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலைக்கு எழுந்தபோது, அவர்களை அடக்க இங்கிலாந்து மன்னருக்குப் படை போதவில்லை. ஜெர்மன் கோமகன்கள் கடை திறந்தனர். ஹெஸ்ஸே-காசெல், பிரன்சுவிக், அன்ஸ்பாக் முதலிய ஆறு ஆட்சிகளிலிருந்து ஏறத்தாழ 30,000 வீரர்கள் 1776 முதல் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பகுதி காசெல் சரக்கு. பிரன்சுவிக் கோமகன் செய்த ஒப்பந்தத்திலே ஒரு விதி: மாண்ட வீரனுக்கு இவ்வளவு தொகை, காயம்பட்டோர் மூவர் மாண்டவர் ஒருவருக்குச் சமம்! கணக்கு எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! கால் போனவன், கை போனவன், கண் போனவன் மூவரையும் தராசிலே வைத்தால் ஒரு பிணத்தின் எடை! போனவர்களிலே ஏறத்தாழ 17,000 பேர்தாம் ஊர் திரும்பினர்.

பிறகு நெப்போலியன் வந்தார். ரைன் ஆற்றின் மேற்குக் கரையைப் பிரான்சு எடுத்துக்கொண்டது. அங்கே நிலமிழந்த அரச குடும்பங்களுக்கு ஈடு கொடுக்க வேண்டுமாம். 1803-இல் 112 சிற்றாட்சிகளை ஒரே ஆவணத்திலே துடைத்தெறிந்து, இழந்தவர்களுக்குப் பங்கிட்டனர். 30 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இரவு உறங்கியபோது ஒருவர் குடி. காலையிலே எழுந்தபோது மற்றொருவர் குடி! 1814-இல் வியன்னாவிலே கூடிய பேரவை இன்னும் ஒருபடி மேலே போயிற்று. புள்ளிவிவரக் குழு ஒன்றை அமைத்து, எந்தச் சீமையிலே எத்தனை 'ஆன்மாக்கள்' என்று எண்ணினர். ஆன்மாவின் கதி என்ன என்று வேதாந்தம் பேசவா? அல்ல! எந்த மன்னருக்கு எத்தனை ஆன்மா ஈடாகக் கொடுப்பது என்று பேரம் பேச!

* * *

சரி, இப்படி வாங்கவும் விற்கவும் பங்கிடவும் உரிமை பெற்றவர்களுக்கு என்ன தகுதி? அறிவா? ஆற்றலா? வாளா? எதுவுமில்லை. இரத்தம்!

அந்த இரத்தத்துக்கும் ஓர் இலக்கணம் வகுத்திருந்தனர்: 'பிறப்புச் சமம்'. அரச குடும்பத்தான் தனக்குச் சமமான குடும்பத்திலே பெண்ணெடுத்தால்தான் பிறக்கும் பிள்ளைக்கு அரியணை. படி குறைந்த இடத்திலே மனம் வைத்தானா? மனைவிக்குப் பட்டமில்லை, மகனுக்கு நாடில்லை. எந்தக் குடும்பம் எந்தப் படி என்று பார்த்துக்கொள்ளக் கோதா நகரிலே அச்சான ஒரு பஞ்சாங்கமே இருந்தது. 1763-இல் தொடங்கி 1944 வரை ஆண்டு தவறாமல் வெளிவந்தது. நாள் நட்சத்திரம் பார்க்க அல்ல, குலம் கோத்திரம் பார்க்க! பிறப்பிலே உயர்வு தாழ்வு என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காய்த்துப்போன செவிகள் நம்முடையவை. இது எந்த இசை என்று நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

லிப்பே என்ற சிற்றரசு. 1895-இல் ஆண்டவர் மாண்டார். நேர் வாரிசு மனநலம் குன்றியவர். அடுத்து எந்தக் கிளை? பீஸ்டர்ஃபெல்ட் கிளையைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் பிரபு, "எனக்கே" என்றார். "கூடாது! உம் பாட்டி சமப் பிறப்பினள் அல்லள்!" என்றது எதிர்த்தரப்பு. அந்தப் பாட்டி மணம் முடித்த ஆண்டு 1803! நூறாண்டுக்கு முன் மணப்பந்தலிலே நின்ற ஒரு பெண்ணின் குலத்தை, மின்விளக்கும் தொலைபேசியும் வந்துவிட்ட காலத்திலே பேரரசின் உயர்நீதிமன்றம் ஆராய்ந்தது. 1905-இல் தீர்ப்பு வந்தது. பாட்டி தேறினாள், பேரனின் மகன் அரியணை ஏறினான். லிப்பே மக்களுக்குப் பள்ளி வேண்டுமா, பாதை வேண்டுமா என்பதற்கு எவரும் பத்தாண்டு வழக்காடவில்லை!

மற்றொரு சிற்றரசு ராய்ஸ். அந்தக் குலத்தின் ஆண்கள் அனைவருக்கும் ஒரே பெயர், ஹென்ரிக்! அரியணை ஏறுபவனுக்கு மட்டுமல்ல, பிறக்கும் ஒவ்வொரு ஆணுக்கும். பிரித்தறிய எண் போட்டனர். மூத்த கிளை நூறு வரை எண்ணிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். இளைய கிளை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு புதிதாக எண்ணும். தனக்கென்று ஒரு பெயரும் வேண்டாம், குருதிக்கு ஒரு தொடர் எண் போதும் என்பதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் உண்டா?

கோபர்க் கதையோ நாடகமாக்கினால் நம்பமாட்டீர்கள். பழைய எழுவர் பங்குகள் 1826-இல் மறுபடி கலைத்து அடுக்கப்பட்டு, கோபர்க்கும் கோதாவும் ஒரே கோமகனிடம் வந்திருந்தன. அந்த அரியணைக்கு வாரிசு தேடி, இறுதியில் இங்கிலாந்துக்குப் போயினர். விக்டோரியா அரசியின் பேரன் கார்ல் எட்வர்ட்; ஈட்டன் பள்ளியிலே படித்துக்கொண்டிருந்த சிறுவன். புத்தகப் பையை வாங்கி வைத்துவிட்டு ஜெர்மனிக்கு அழைத்து வந்து, 1900-இல், பதினாறாம் வயதிலே கோமகனாக்கினர். அவன் அந்த மக்களை அறியான். அந்த மக்கள் அவனை அறியார். ஆயினும் அவன் அவர்களுக்குத் 'தந்தை'! இந்தப் பெயரையும் நினைவிலே வைத்திருங்கள்.

* * *

எதிர்ப்பே எழவில்லையா? எழுந்தது. 1525-இல் உழவர்கள் எழுந்தனர். மெமிங்கன் நகரிலே பன்னிரண்டு கோரிக்கைகள் தீட்டினர். மூன்றாவது கோரிக்கை, பண்ணையடிமைத்தனம் ஒழிக என்பது. கோமகன்களின் படை அவர்களைப் பல்லாயிரக்கணக்கிலே வெட்டிச் சாய்த்தது. உழவர் பக்கம் நின்ற தாமஸ் முன்சரின் தலை கொய்யப்பட்டது. ஏர் தோற்ற இடத்திலே, இரண்டரை நூற்றாண்டு கழித்து எழுதுகோல் எழுந்தது.

வூர்ட்டம்பர்க் கோமகன் கார்ல் ஆய்கென் நடத்திய இராணுவப் பள்ளியிலே பதின்மூன்றாம் வயதிலே சேர்க்கப்பட்டவர் ஷில்லர். மருத்துவராக்கினர், அவரோ நாடகாசிரியரானார். 1782-இல் அவருடைய முதல் நாடகம், கோமகனின் எல்லைக்கு வெளியே, மன்ஹைம் நகரிலே அரங்கேறிற்று. விடுப்பின்றிப் போய்ப் பார்த்தார் என்பதற்காகச் சிறை. மருத்துவம் தவிர வேறெதுவும் எழுதக்கூடாதென்று தடை. அதே ஆண்டு எல்லை தாண்டி ஓடினார். ஓடியதால் தப்பினார்! ஷூபார்ட் என்ற கவிஞரும் இதழாசிரியருமானவரை, எல்லைக்கு அப்பாலிருந்து வஞ்சகமாக வரவழைத்து, அதே கோமகன் 1777 முதல் பத்தாண்டு கோட்டைச் சிறையிலே அடைத்து வைத்திருந்தான்.

1784-இல் ஷில்லர் அளித்த நாடகம் 'சூழ்ச்சியும் காதலும்'. அதிலே ஒரு காட்சி: கோமகனின் ஆசைநாயகிக்கு அணிகலன் பேழை ஒன்று பரிசாக வருகிறது. கொண்டுவந்தவன் கிழட்டு ஊழியன். விலை என்ன என்று அவள் கேட்கிறாள். நம் நாட்டு இளைஞர் ஏழாயிரவரை அமெரிக்காவுக்கு அனுப்பிய பணம் என்கிறான் கிழவன். தன் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்திலே போனார்கள் என்கிறான். அவ்வளவுதான்! ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாத வேலையை அந்தக் கிழவனின் குரல் செய்தது. நாடகம் எழுதுகிற தோழர்கள், கோபத்தை வசனத்திலே கொட்டுவது எப்படி என்பதை மட்டுமல்ல, விலைச்சீட்டைக் காட்டுவது எப்படி என்பதையும் அந்தக் காட்சியிலே கற்கலாம்.

விலைச்சீட்டைக் காட்டிய மற்றொருவர் கியார்க் பியூக்னர். ஹெஸ்ஸே-டார்ம்ஸ்டாட்டுக்காரர். இருபது வயது மாணவர். 1834-இல் வைடிக் என்ற போதகருடன் சேர்ந்து, இரகசியமாக ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். அதிலே அலங்காரத்தைவிட ஆழமாகப் பாய்ந்தது கணக்கு. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் 60 லட்சம் கில்டருக்கு மேல் வரி கட்டுகிறார்கள்; அதிலே நீதித்துறைக்கு எவ்வளவு, படைக்கு எவ்வளவு, கோமகன் குடும்பத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பிடிக்க வந்தனர், பிரான்சுக்குத் தப்பினார். 1837-இல், இருபத்து மூன்றே வயதிலே, சூரிக் நகரிலே நோயால் மாண்டார். அதே ஆண்டு வைடிக் டார்ம்ஸ்டாட் சிறையிலே மாண்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதற்கும் விடையளிப்பதே முறை. "சிற்றரசுகள் கலையை வளர்க்கவில்லையா? கேத்தேயை வைமர் கோமகன் ஆதரிக்கவில்லையா? மைனிங்கன் கோமகன் இரண்டாம் கியார்க், தன் நாடகக் குழுவை 1874 முதல் 1890 வரை ஐரோப்பாவெங்கும் அனுப்பி, அரங்கக் கலைக்கே புதுநெறி காட்டவில்லையா?" என்பர். காட்டினார், மறுப்பது நன்றி கொல்வதாகும். ஆனால், மைனிங்கனுக்குக் கலைஞன் கோமகனாக வாய்த்தான். வூர்ட்டம்பர்க்குக்கு கார்ல் ஆய்கென் வாய்த்தான். இரண்டும் வாய்ப்பு! மக்கள் தேர்ந்தெடுத்ததல்ல, தொட்டில் தீர்மானித்தது. கோமகன்கள் போனபின் அந்த அரங்குகள் மூடிவிட்டனவா? அரசவை அரங்குகள் பல மாநில அரங்குகளாயின; இன்றும் மக்கள் வரிப்பணத்திலே திரை உயர்கிறது. அன்றும் மக்கள் வரிப்பணந்தான். பெயர்ப்பலகை மட்டுமே கோமகனுடையது!

* * *

1871-இல் ஜெர்மனி ஒன்றுபட்டது. ஒன்றுபட்டும் 25 ஆட்சிகள். மூன்று தனி நகர்கள் போக, முடியரசுகள் 22. அதிலே மெக்லன்பர்க்கிலே 1918 வரை மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. 1755-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, பெரும்பண்ணை வைத்திருப்பவன் பண்ணைக்காகவே அவையிலே அமர்ந்தான்.

1918 நவம்பர் வந்தது. போரிலே தோல்வி, வயிற்றிலே பசி, கப்பல்படையிலே கலகம். 7-ஆம் நாள் மூனிக்கிலே பவேரிய மன்னர் ஓடினார். 9-ஆம் நாள் பெர்லினிலே குடியரசு முழக்கம்; மறுநாள் பேரரசர் வில்லியம் ஹாலந்துக்குப் பயணம். மாதம் முடியும்போது 22 முடியரசுகளிலே ஒன்றுகூட மிஞ்சவில்லை! ஆயிரமாண்டு மரம் என்றனரே, அடித்த காற்று ஒரே மாதக் காற்று! ஆண்டவர் எவர் தலையும் உருளவில்லை.

அப்போதுதான் அந்தப் பெருந்தவறு நடந்தது. முடியைப் பறித்தனர்; முடியோடு சேர்ந்த உடைமை எவருடையது என்பதை எழுதாமல் விட்டனர். 1919-இல் வைமரிலே வகுத்த அரசியல் சட்டம், 109-ஆம் விதியிலே, பிறப்பாலும் பதவியாலும் வந்த சலுகைகளை ஒழித்தது. பிரபுப் பட்டங்கள் இனிப் பெயரின் ஒரு பகுதி மட்டுமே என்றது. அந்த விதி இன்றும் உயிரோடிருக்கிறது. நல்ல விதி! ஆனால் அரண்மனை? காடு? பண்ணை? ஓவியம்? வங்கிப் பணம்? அவை அரசனுடையவையா, அரசினுடையவையா? அந்தந்த மாநிலம் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டனர். அதே 1919-இல் ஆஸ்திரியா, பட்டத்தைப் பெயரிலிருந்தே வெட்டியது. ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் உடைமையைச் சட்டமியற்றி எடுத்துக்கொண்டது. ஜெர்மன் குடியரசோ, ஹாலந்திலிருந்த மாஜி பேரரசருக்கு, அவர் வீட்டுப் பொருள்களை 59 இரயில் வண்டிப் பெட்டிகளிலே ஏற்றி அனுப்பி வைத்தது!

கணக்கு பின்னால் வந்தது. கோதாவிலே மட்டும் 1919-இல் தொழிலாளர் பிரதிநிதிகள் துணிந்து, கோமகனின் உடைமையைப் பொதுவுடைமையாக்கிச் சட்டமியற்றினர். கோமகன் எவர்? ஈட்டன் பள்ளியிலிருந்து அழைத்து வரப்பட்ட அதே கார்ல் எட்வர்ட்! வழக்காடினார். 1925-இல் உயர்நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. உடைமை அவரிடமே திரும்பிற்று. முடி போயிற்று, முடியாட்சிக் காலத்து நீதிபதிகள் போகவில்லையே!

அது எந்த நேரம்? 1923-இல் பணவீக்கம் மக்களின் சேமிப்பையெல்லாம் தின்று தீர்த்திருந்தது. போர்க்காலத்திலே நாட்டை நம்பிக் கடன் பத்திரம் வாங்கிய ஏழை எளியவர்க்கு, 1925-ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு இரண்டரை என்று கை விரித்தது. அதே நேரத்திலே, மாஜி மன்னர்கள் தங்கள் தொகைக்கு முழுமதிப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறினர்!

மக்கள் கொதித்தனர். கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சியும், ஒருவரையொருவர் நம்பாத அந்த இரு கட்சிகளும், ஒரு கோரிக்கையிலே கைகோத்தன: மன்னர் குடும்பங்களின் உடைமையை ஈடின்றி எடுத்து, வேலையற்றோர்க்கும், போரிலே ஊனமுற்றோர்க்கும், விதவைகளுக்கும், நிலமற்ற உழவர்க்கும் பயன்படுத்துக! 1926 மார்ச்சிலே ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் கையொப்பமிட்டனர். ஜூன் 20-இல் பொதுவாக்கெடுப்பு. ஆம் என்றோர் ஏறத்தாழ 1 கோடியே 45 லட்சம். இல்லை என்றோர் 6 லட்சத்துக்கும் குறைவு!

வெற்றி என்பீர்கள். அதுதான் இல்லை. இது அரசியல் சட்டத்தையே மாற்றுவது, ஆகவே வந்தவர்களிலே அல்ல, வாக்குரிமை உள்ளவர்களிலேயே பாதிப்பேர் வேண்டும் என்றனர். அதாவது, 2 கோடிக்குச் சற்றே குறைவு. எதிர்த்தரப்பு என்ன செய்தது? "எதிர்த்துப் போடுங்கள்" என்று சொல்லவில்லை, "போகாதீர்கள்" என்றது! இதிலே இருந்தது சூது. போகாதவனே எதிர்ப்பவன் என்றானபின், வாக்குச்சாவடிக்குப் போகிறவன் எவன்? மன்னருக்கு எதிரி! கிழக்கத்திப் பண்ணைக் கிராமத்திலே, பண்ணையாரின் கண் முன்னே தெருவில் இறங்கி நடப்பதே வாக்கை வெளியிட்டுவிடுவதாயிற்று. பெட்டி இரகசியம், பாதை இரகசியமல்ல! குடியரசுத் தலைவராக அமர்ந்திருந்த ஹிண்டன்பர்க்கோ கோரிக்கையைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அதை விளம்பரத் தட்டியாக்கி ஊரெங்கும் ஒட்டினர்.

கோரிக்கை வீழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரிலே பிரஷ்ய அரசு ஹோஹென்சொல்லர்ன் குடும்பத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அரண்மனைகள் பல அரசிடம் வந்தன. பண்ணைகளும் பெருந்தொகையும் குடும்பத்தோடு போயின.

அந்தச் செல்வமும் செல்வாக்கும் பிறகு எந்தப் பக்கம் சாய்ந்தன? 1926 பிப்ரவரியிலேயே, பாம்பர்க் நகரிலே கட்சியைக் கூட்டிய ஹிட்லர், மன்னர் உடைமையிலே கைவைக்கும் பேச்சைத் தன் கட்சிக்குள் அடக்கினார். மாஜி பேரரசரின் மகன்களிலே ஒருவர் 1930-இல் அந்தக் கட்சியிலே சேர்ந்தார். மாஜி பட்டத்து இளவரசர் 1932-இல், என் வாக்கு ஹிட்லருக்கே என்று பகிரங்கமாக அறிவித்தார். நம் கார்ல் எட்வர்ட் 1933-இல் உறுப்பினரானார். 1945 வரை ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவராக வீற்றிருந்தார். பிரபுக் குலத்திலே பிறந்தோர் அனைவரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. 1944 ஜூலை 20-இல் ஹிட்லரைக் கொல்லக் குண்டு வைத்து உயிரீந்த ஸ்டவுஃபன்பர்க்கும் பிரபுதான். குற்றம் குருதியிலே இல்லை. குருதிக்கு வாடகை கொடுக்கும் முறையிலே இருக்கிறது!

* * *

கதை அங்கும் முடியவில்லை. 1945-இல் சோவியத் படை வசமிருந்த கிழக்குப் பகுதியிலே 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் ஈடின்றிப் பறிக்கப்பட்டன. 1990-இல் இரு ஜெர்மனியும் இணைந்தன. 1945 முதல் 1949 வரை பறித்தது பறித்ததே என்றாயிற்று. ஆனால், 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஈட்டுத்தொகைக்கு வழிவிட்டது. நாஜி ஆட்சிக்குப் பெருந்துணை புரிந்தோர்க்கு மட்டும் இல்லை என்றது. அந்தச் சட்டத்தைக் காட்டி ஹோஹென்சொல்லர்ன் குடும்பம் ஈடு கேட்டது. பட்டத்து இளவரசர் செய்தது பெருந்துணையா, சிறுதுணையா என்று வரலாற்றாசிரியர்கள் இரு அணியாக நின்று வாதாடினர். 2023-இல் குடும்பம் வழக்கைக் கைவிட்டது. கலைப்பொருள்கள் பற்றி 2025-இல் உடன்பாடு ஏற்பட்டது. முடி வீழ்ந்து நூறாண்டுக்கு மேல்!

2022 டிசம்பரிலே மற்றொரு செய்தி. ஜெர்மன் அரசைப் படைகொண்டு கவிழ்க்கச் சதி என்று ஒரு கூட்டத்தைப் பிடித்தனர். கவிழ்த்தபின் தலைவராக அமரவிருந்தவர் என்று அரசுத் தரப்பு சுட்டியவர் எவர்? பதின்மூன்றாம் ஹென்ரிக், எண் போட்டுப் பிள்ளை பெற்ற அதே ராய்ஸ் குலத்தவர்! விசாரணை 2024-இல் பிராங்பர்ட்டிலே தொடங்கிற்று. குற்றவாளியா அல்லவா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம், நாமல்ல. அந்தக் குலத்தின் தலைவரே அவரிடமிருந்து விலகி நிற்பதாக அறிவித்தார் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. நமக்கு வேண்டிய பாடம் ஒன்றே: ஆட்சியைப் பிடிக்கத் துடிப்போர் முகத்துக்கு ஒரு பழங்குலப் பெயர் தேடுகிறார்கள் என்று, நூறாண்டு கழித்தும், ஒரு நாட்டின் வழக்கறிஞர்கள் குற்றப்பத்திரிகையிலே எழுத நேர்ந்ததே!

தோழர்களே! ஜெர்மன் தொழிலாளி கோழையல்லன். முடியை வீழ்த்த அவனுக்கு ஒரு மாதம் போதுமாயிருந்தது. ஏழாண்டு கழித்து, 1 கோடியே 45 லட்சம் பேர் எழுந்து நின்றபோதும் பத்திரத்தை அவனால் அசைக்க முடியவில்லை. வலிமை குறைந்ததா? இல்லை, காலம் தாழ்ந்தது! எதிரி மாளிகையைவிட்டு ஓடிய அன்று ஒரு வரிச் சட்டத்தாலே முடிந்திருக்கும் வேலை. அவன் வழக்கறிஞரோடு திரும்பி வந்தபின் கோடிக்கணக்கான கைகள் உயர்ந்தும் முடியவில்லை.

ஆகவே, பிறப்புரிமை என்ற பெருமரம் எங்கே சாய்ந்தாலும், சாய்ந்ததைக் கண்டு கைதட்டிவிட்டுக் கலைந்துவிடலாகாது. வாழ்த்துப்பா பாடி முடிக்குமுன்னே பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவனே முழு வெற்றி பெறுவான். பட்டம் போயிற்றா? நன்று. பண்ணை எவர் பெயரில்? அரியணை போயிற்றா? மிக நன்று. அரியணைக்காகத் தீர்ப்பெழுதியவன் எந்த நாற்காலியில்? வாக்குரிமை வந்ததா? வாழ்க. வாக்களிக்கப் போகிறவன் பண்ணையாரின் கண் படாமல் நடந்துபோகப் பாதை உண்டா?

வெற்றி நாளிலே எவனும் கேட்கும் கேள்வி, "முடி எங்கே?" என்பது. கட்சித் தோழன் கேட்க வேண்டிய கேள்வி, "பத்திரம் எங்கே?" என்பது!